வெல்டர் வெல்டிங் வைக்காத இடங்கள்

ஜோகூர், மாசாயில் ஒரு தாமான். மூலை வீட்டு போர்ச்சில் கார் நிற்க வேண்டிய இடத்தில் 12 அடி அலுமினியப் படகு ஒன்று பழைய லோரி டயர்கள் மேல் கிடக்கிறது. காருக்கு ரோட்டோரம்தான் கிடைத்திருக்கிறது. வீட்டுக்காரர் பாசிர் கூடாங் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பட்டறை 1973இல் உருவான நிறுவனத்தினுடையது. பால்மரம் வெட்டிய குடும்பத்திலிருந்து அங்கே போய், இரும்புக் கப்பல்களின் வயிற்றுக்குள் படுத்து வேலை கற்றவர் இவர். படகைக் கோத்தா திங்கி பக்கம் செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் வாங்கியிருக்கிறார். 2006 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் ஊரே மூழ்கியபோது ஆள் ஏற்றிய படகு என்று விற்றவர் சொன்னாராம்.

நான் போனபோது தரைப்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கூட வேலை செய்வது அவருடைய அக்காள் மகன். வார நாள்களில் சிங்கப்பூர் வேலை, சனி ஞாயிறு மாமாவோடு படகு. பலகையின் மேல் யாரோ கார்ப்பெட் ஒட்டியிருந்தார்கள். அதைக் கிழித்ததும் சேற்று வாடை வந்தது. இருக்கைக்கு அடியில் படகை மிதக்க வைப்பதற்காக அடைத்திருந்த ஃபோம் தண்ணீரைக் குடித்து ஊறிப்போயிருந்தது. ஒரு துண்டைக் கையில் கொடுத்தார். செங்கல் கனம்.

"இங்க பாருங்க தம்பி" என்று விலாச் சட்டத்தின் இடுக்கைக் காட்டினார். தூண்டில்காரர் எவரோ தவறவிட்ட ஈயக் குண்டு ஒன்று வெள்ளைப் பொடிக்குள் புதைந்திருந்தது. ஸ்குரூடிரைவரால் நெம்பி எடுத்தார். குண்டு கிடந்த இடத்தில் தகடு குழிந்திருந்தது. அதில் ஆணி முனையை வைத்து லேசாக அழுத்தினார். முனை மறுபக்கம் எட்டிப் பார்த்தது.

எனக்கு இந்த வேலை புரியத் தொடங்கியது அந்தக் குழியைப் பார்த்த பிறகுதான். காற்று பட்டவுடன் அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று உருவாகி அதைக் காக்கிறது. தனியாக விட்டால் ஒரு மனிதனின் ஆயுளைத் தாண்டியும் கிடக்கும். உப்புத் தண்ணீரில் ஈயம், செம்பு, எவர்சில்வர் இவற்றில் ஏதாவது ஒட்டி நின்றால் இரண்டுக்கும் நடுவில் சிறு மின்னோட்டம் ஓடும். அப்போது கரைவது அலுமினியம்தான். ஆகவே இந்தப் படகுகளைக் கெடுப்பது பெரும்பாலும் நாம் அவற்றில் கொண்டுபோய் வைக்கும் பொருள்கள். தூண்டில் தாங்கிக்கு அடித்த எவர்சில்வர் திருகு, பூச்சி அரிக்காமல் இருக்கச் செம்பு மருந்து ஏற்றிய பலகை, மரப்படகுக்காரர்கள் அடியில் பூசும் செம்பு கலந்த பெயின்ட், எல்லாம் ஒரே வகைக் கேடு. வீட்டுக்கார அண்ணன் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, நைலான் வாஷர் வைத்து, சீலன்ட் தடவித் திரும்பப் பூட்டினார். தேவையில்லாத துளைகளை மூடினார். கார்ப்பெட் குப்பைக்குப் போனது.

படகு போகப்போவது ஜோகூர் ஆற்றில் உடாங் காலா பிடிக்க. அந்த இறால் ஆற்றில் வளர்ந்தாலும் அதன் குஞ்சு உப்புக் கலந்த தண்ணீரில்தான் பிழைக்கும். 1960களின் தொடக்கத்தில் பினாங்கில் எஸ். டபிள்யூ. லிங் என்ற ஆய்வாளர் இதைக் கண்டறிந்த பிறகே உலகமெங்கும் அந்த இறாலுக்குப் பண்ணைகள் வந்தன. இறாலை வாழ வைக்கும் அதே கலப்புத் தண்ணீர்தான் தகட்டுக்கு எமன்.

அலுமினியம் ஜோகூருக்கு அந்நியப் பொருளும் இல்லை. கிழக்குக் கோடியில் தெலுக் ரமுனியாவில் 1950களிலிருந்து பாக்சைட் தோண்டிக் கப்பலேற்றினார்கள். சிவந்த மண்ணாகப் போனது தகடாகத் திரும்பி வந்து ஒரு தாமான் வீட்டு வாசலில் கிடப்பதை நினைத்தபடி அதைத் தடவிப் பார்த்தேன்.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க அவர் கையாளும் வழி எளிது. படகை நிமிர்த்தி, குழாயைப் போட்டு உள்ளே தண்ணீர் நிரப்பினார். வெளியே மருமகன் குனிந்து சுற்றி வந்து, எந்த ரிவெட்டில் சொட்டுகிறதோ அங்கே மார்க்கர் பேனாவால் வட்டம் போட்டான்.

நாற்பது வருடம் வெல்டிங் செய்தவர், வட்டம் போட்ட இடங்களை எல்லாம் வெல்டிங் வைத்தே மூடிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மறுத்தார். தகடு ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், மேலே உள்ள ஆக்சைடு படலமோ 2,000 டிகிரி தாண்டினாலொழிய உருகாது. "இரும்பு செவந்து காட்டும். இது காட்டாது. செவக்கட்டும்னு காத்திருந்தா ஓட்டை விழுந்துடும்." இன்னொன்றும் சொன்னார்: உருட்டி அழுத்தித் தகட்டுக்கு ஏற்றிய வலு, சூடு பட்ட இடத்தில் இறங்கிவிடும். பக்கத்து ரிவெட்டுகளும் தளரும். சிமென்ட் சாய்தளத்தில் இழுத்து இழுத்துத் தேய்ந்துபோன அடித்தண்டின் மூக்கில் மட்டும், அது கனமான பகுதி என்பதால், டிக் வெல்டிங் வைத்தார். காற்றில் ஆர்கன் கலைந்துவிடக் கூடாதென்று போர்ச்சைச் சுற்றிக் கான்வாஸ் கட்டினார். அலுமினியத்துக்கென்றே தனியாக வைத்திருக்கும் எவர்சில்வர் பிரஷ்ஷால் தேய்த்தார். இரும்பில் பட்ட பிரஷ் என்றால் இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு, பிறகு அதுவே அரிப்பைத் தொடங்கி வைக்கும்.

மற்றதெல்லாம் ரிவெட் வேலை. ஆகாய விமானத் தொழிலின் கைப்பழக்கம் இது. அமெரிக்காவில் போர் விமானம் செய்த குரும்மன் நிறுவனம், போர் முடியும் தருவாயில், 1945இல் அலுமினியத் தோணி செய்ய இறங்கியது இந்தப் பழக்கத்தை வைத்துத்தான்.

ரிவெட் அடிக்க இருவர் வேண்டும். படகைக் கவிழ்த்தார்கள். அண்ணன் வெளியே சுத்தியலோடு உட்கார்ந்தார். உள்ளே கனத்த இரும்புக் கட்டியைப் பிடித்துக்கொண்டு படுத்தது அவர் மனைவி, எனக்கு அக்கா. எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கை நடுங்காது என்று அண்ணன் பெருமையாகச் சொன்னார். சுத்தியல் விழ விழ, உள்ளே ரிவெட்டின் வால் கட்டியில் மோதி நசுங்கிப் பரவும். முதல் அடிகளில் சத்தம் மந்தமாக இருக்கும். தகடும் ரிவெட்டும் ஒன்றாக இறுகியதும் கணீரென்று மாறும். அக்கா உள்ளிருந்து, "போதும், அடுத்தது" என்பார். அதற்கு மேல் ஒரு அடி விழுந்தாலும் தலை வெடித்துவிடும். எப்போது நிறுத்துவது என்பதைச் சொல்வது அக்காவின் காது. வெளியில் இருப்பவர் அதற்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும். கடையில் விற்கும் பாப் ரிவெட்டை ஒரு ஆளே அடித்துவிடலாம். ஆனால் சாதாரண வகைக்கு நடுவில் துளை இருக்கிறது, தண்ணீருக்கு அது போதும். கை எட்டாத இரண்டொரு மூலையில் மட்டும், முனை மூடிய வகையைச் சீலன்ட்டோடு போட்டார்கள்.

பின்பலகைதான் பெரிய வேலை. எஞ்சின் தொங்குவது அதில்தான். அலுமினியத் தோலுக்குள்ளே இருந்த பிளைவுட், கையால் அள்ளும்படி மக்கியிருந்தது. அதன் வடிவத்தை அட்டையில் வெட்டி, மெரந்தி மரைன் பிளைவுட்டில் அறுத்து, இரண்டு அடுக்காக ஒட்டினார்கள். ஓரங்களும் துளைகளின் உட்புறமும் எபாக்ஸி குடித்து நிறையும் வரை பூசினார் அண்ணன். தண்ணீர் நுழைவது பலகையின் முகத்தில் அல்ல, வெட்டிய விளிம்பில் என்பதால் அங்கேதான் அதிக நேரம் செலவழித்தார். மழைக் காலத்தில் எபாக்ஸி காய்வது மெதுவாகத்தான் நடக்கும். அவசரப்பட்ட மருமகனைப் பலமுறை தள்ளி நிற்கச் சொன்னார்.

இப்படிப்பட்ட கைகளை நம்முடைய பத்திரிகைகள் அதிகம் எழுதியதில்லை. தோட்டத்தை எழுதினோம், கோயிலை எழுதினோம். கப்பல் பட்டறையில் தலைமுறையாக உழைத்தவர்களின் தேர்ச்சி ஓய்வோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. இந்தப் படகு வந்திராவிட்டால் அண்ணனின் மருமகனுக்கும் மாமா என்னென்ன அறிந்தவர் என்று தெரிந்திருக்காது.

நான் கிளம்பும்போது எஞ்சினைப் பற்றி இருவருக்கும் வாக்குவாதம். கையில் இருப்பது பழைய யமஹா 15, சுமார் 36 கிலோ. மருமகனுக்கு 25 வேண்டும்.

"புதுப் பலகைதானே மாமா, தாங்கும்."

"பலகை தாங்கும்டா. அது புதுசு. தகடு பழசு."

அக்கா டயரின் மேல் உட்கார்ந்து, மிச்ச ரிவெட்டுகளை அளவு வாரியாக டின்னில் பிரித்துப் போட்டுக்கொண்டே, 15தான் என்று முடித்து வைத்தார்.