சில்லு ஏன் இறுகுகிறது

யாழ்ப்பாணத்தில் சைக்கிள் பாரமாக ஓடத் தொடங்கினால் உடனே ஒயில் போத்தலைத் தேடுகிறோம். அச்சில் நாலு துளி விட்டதும் சத்தம் அடங்கிவிடும். வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். சத்தம்தான் அடங்கியது, சில்லின் நோய் தீரவில்லை என்பதே என் கட்சி. முன்சில்லின் அச்சில் பக்கத்துக்கு 10 குண்டுகள், பின்சில்லில் அவற்றிலும் பெரிய 9 குண்டுகள் கப்புக்கும் கோனுக்கும் இடையில் உருளுகின்றன. சோளகம் வீசும் மாதங்களில் வலிகாமத்துச் செம்மண் மாவாகப் பறக்கிறது. மணல்காட்டுப் பக்கம் மணல், பண்ணைப் பாலத்தில் இரு புறமும் உப்புக்காற்று. வெளியே கசிந்து நிற்கும் ஒயில் இத்தனையையும் பிடித்துவைக்கிறது. அடுத்த துளி அதை உள்ளே கொண்டுபோகிறது. உருக்கையே கீறக்கூடிய மணற்பொடி ஒயிலோடு குழைந்தால் அது கப்பை அராவும். நல்லெண்ணெய் விட்டால் அது நாளடைவில் பிசினாகவும் இறுகும். பிள்ளைகளின் ஸ்கேட்போர்ட்டிலும் இதே கதைதான்: 22 மில்லிமீற்றர் வெளிவிட்டமுள்ள பெயரிங்குக்குள் 7 குண்டுகள், அவற்றின் எதிரியும் மணல்தான்.

பழைய றலி, ஹம்பர் சைக்கிள்களின் அச்சுக்குடத்தில் ஒயில் விடுவதற்கென்றே மூடியுள்ள துவாரம் இருந்ததே, செய்தவர்களுக்குத் தெரியாததா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தத் துவாரம் நடுவில் இருந்தது. அங்கே விட்ட ஒயில் உள்ளிருந்து இரு பக்கமும் வழிந்து, அழுக்கை வெளியே தள்ளியது. நாம் விடும் துளியோ வெளியிலிருந்து உள்ளே போகிறது. போவதோடு உள்ளிருக்கும் கிறீஸையும் இளக்கிக் கரைத்துவிடுகிறது. 1990இல் போர் மறுபடி மூண்டு எரிபொருள் தடைப்பட்டபோது குடாநாடு சைக்கிளில்தான் நகர்ந்தது. டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். கிளாலி நீரேரியைக் கடந்த படகுகளில் சைக்கிள்களும் ஏறின. உப்புநீர் பட்ட அச்சைக் கழற்றிக் கழுவாமல் ஒயிலால் மட்டும் காப்பாற்ற முடியாது.

கழுவுவது பெரிய வித்தையல்ல. கோனைத் தளர்த்தி, விரித்த துணியில் குண்டுகளை இறக்கி, மண்ணெண்ணெயில் கழுவி, ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். கப்பில் குழி விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஒரு குண்டு தேய்ந்திருந்தால் முழுத் தொகுதியையும் மாற்றுவதே சரி, ஏனென்றால் புதுக்குண்டு ஒன்று மட்டும் பருத்து நின்று பாரம் முழுவதையும் தாங்கும். பிறகு புதுக் கிறீஸ், பிறகு கோனின் இறுக்கம். ஆட்டம் நிற்க வேண்டும், சில்லும் பிடிக்கக் கூடாது. சில்லைத் தூக்கி மெல்ல விட்டால், வால்வின் சிறு பாரத்துக்கே அது திரும்பி வால்வு கீழே வந்து நிற்பது நல்ல அடையாளம். அடிக்கடி திறந்தால் கெட்டுவிடும் என்பவர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆண்டுக்கொரு தடவை, மாரி ஓய்ந்த தை மாதத்தில் செய்தால் போதும், வெள்ளத்தில் இறங்கிய சில்லுக்கு மட்டும் உடனே. மூடிய பெயரிங் வந்துவிட்டதே என்றால், அது தூசியைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. கூலி கூட என்பதும் சரியல்ல: குண்டுகள் மலிவு, குழி விழுந்த கப்போடு அச்சுக்குடத்தையே மாற்றுவதுதான் செலவு.

அடுத்த தடவை சைக்கிள் கடைக்குப் போகும்போது ஒயில் விடச் சொல்லாதீர்கள். கழற்றிக் கழுவிப் பூட்டச் சொல்லி, அந்த வேலைக்குரிய கூலியைக் கொடுங்கள்.