அப்பா எப்போது பேசுவார்?



சென்ற மாதம் மருத்துவமனை வராந்தாவில் ஒரு மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஐயா, அப்பா எப்போது பேசுவார்?” என்று கேட்டார். உள்ளே தகப்பனார் பக்கவாதத்தால் வலதுகை செயலிழந்து, பேச்சும் இழந்து படுத்திருந்தார். பதில் சொல்ல வாய் திறந்தேன், பின்பு மூடிக்கொண்டேன். ஏன் என்பதை இந்த வாரம் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்களும் இத்தகைய படுக்கைகளின் அருகே நிற்க நேரிடும்.

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு சபையில் ஊழியம் செய்தபோது, ஓய்வுபெற்ற அஞ்சலக அலுவலர் ஒருவர் அங்கே இருந்தார். பாடகர் குழுவில் கனத்த குரல் அவருடையது. அவருக்கும் இப்படியே நேர்ந்தது. பத்தாம் நாள் அவர் வீட்டுக்குச் சென்ற நான், பேச முடியாவிட்டால் எழுதட்டும் என்று எண்ணி, சகரியா பலகையில் எழுதிக்காட்டிய கதையைச் சொல்லி, அவருடைய இடது கையில் பேனாவைக் கொடுத்தேன். அவர் இரண்டு கோடுகள் கிழித்தார். அதற்குமேல் முடியவில்லை. கண்ணீர் விட்டார். கை பழகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பின்பு ஒரு கீர்த்தனையைத் தொடங்கினோம். அவர் எங்களோடு சேர்ந்து பாடினார்! சொற்கள் பிசகாமல் பாடினார். பரமண்டல ஜெபத்தையும் இறுதிவரை சொன்னார். தண்ணீர் வேண்டும் என்று கேட்க இயலாதவர் ஆமென் வரைக்கும் வந்துவிட்டார். வீடே அழுதது. நான் எழுந்து, “கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஐயா சாட்சி சொல்வார்” என்று அறிவித்தேன். ஞாயிறு ஆராதனையிலும் அதையே சொன்னேன்.

கிறிஸ்துமஸ் வந்தது. அவரும் வந்து மூன்றாம் வரிசையில் அமர்ந்தார். மனைவியின் பெயரைக்கூட அவரால் சொல்ல இயலவில்லை. ஆராதனை முடிந்ததும் அந்த அம்மா என்னைத் தனியே அழைத்து, “வெள்ளிதோறும் உபவாசம் இருந்தேன் ஐயா. என் விசுவாசத்தில்தான் குறையா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவருக்குள் விதைத்தது நோயன்று. நான் குறித்துக் கொடுத்த தேதி.

அவருக்குப் பேச்சுப் பயிற்சி அளித்த சகோதரியிடம் சென்று கேட்டேன். பொறுமையாக விளக்கினார். இதற்கு அஃபேசியா என்று பெயர். பழுதானது நாவும் தொண்டையும் அல்ல; மொழியைக் கோக்கும் மூளைப்பகுதி. பெரும்பாலானோருக்கு அது இடப்பக்க மூளையில் இருக்கிறது. ஆகவே பெரும்பாலும் எழுத்தும் சேர்ந்தே போகிறது. என் பேனா பயன்படாததில் வியப்பில்லை. பல்லாண்டுகள் மனப்பாடமாய் ஊறிய ஜெபமும் பாட்டும் எண்வரிசையும் பலருக்குத் தப்பிநிற்கும். ஆனால் புதிதாய் ஒரு வாக்கியத்தைக் கட்டுவது முற்றிலும் வேறு வேலை. அவர் பாடியது உண்மையான மகிழ்ச்சியே. அதைக் கொண்டு நாள் கணக்கிட்டதே என் பிழை.

அதன்பின் இதைப்பற்றித் தேடித்தேடி வாசித்தேன். பாரிசுக்கு அருகே பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்றொரு மனிதர் இருந்தார். எதைக் கேட்டாலும் “தான், தான்” என்ற ஓசையே அவரிடமிருந்து வரும். அதுவே அவருக்குப் பெயராகவும் ஆயிற்று. 1861-இல் மருத்துவர் பால் புரோக்கா, இங்கே எத்தனை ஆண்டுகளாய் இருக்கிறீர் என்று கேட்டபோது, அவர் கையை நான்கு முறை விரித்துக் காட்டி, ஐந்தாம் முறை ஒரு விரலை மட்டும் நீட்டினார். இருபத்தொன்று. கணக்கு சரியாகவே இருந்தது. சில நாட்களில் அவர் இறந்தார். அவருடைய மூளையின் இடப்பக்க முன்பகுதியில் புரோக்கா சேதத்தைக் கண்டார். எனக்கோ அந்த ஒற்றை விரல்தான் மறக்கவில்லை. சொல் போனவரிடம் அறிவும் போய்விட்டது என்று எண்ணி அவருக்கு முன்பாகவே அவரைப்பற்றிப் பேசுகிறோமே, அதை நிறுத்துவோம்.

அப்படியானால் முன்கூட்டிச் சொல்லவே இயலாதா? ஓரளவு இயலும். தொடக்கத்தில் பாதிப்பு எவ்வளவு கடுமையானது, மூளையில் சேதம் எங்கே, எவ்வளவு பரந்தது என்பவையே பெரிய அடையாளங்கள். வயதைப்பற்றி நாம் அதிகம் கவலைப்படுகிறோம். அது அவ்வளவு உறுதியான அடையாளமன்று. முதல் வாரங்களிலும் மாதங்களிலும் முன்னேற்றம் வேகமாயிருக்கும், பின்பு மெதுவாகும். ஆயினும் முதல் வாரத்தில் ஒரே நிலையில் இருந்த இருவர் ஓராண்டுக்குப்பின் வெவ்வேறு இடத்தில் நிற்பதுண்டு.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் கேத்தி பிரைஸ் என்ற அறிவியலாளரின் குழு, ‘ப்ளோராஸ்’ என்ற பெயரில், பக்கவாதம் கண்ட நூற்றுக்கணக்கானோரின் மூளை ஸ்கேன்களையும் பேச்சுத் தேர்வு முடிவுகளையும் சேர்த்து வைத்திருக்கிறது. புதிதாய் ஒருவர் வந்தால், அவருக்கு நேர்ந்ததைப் போன்ற சேதம் முன்பு யார் யாருக்கு நேர்ந்தது, அவர்கள் காலப்போக்கில் எவ்வளவு பேசினார்கள் என்று ஒப்பிட்டுக் கணிக்க முயல்கிறார்கள். இத்தனை ஸ்கேன்களை வைத்திருப்பவர்களே ‘இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை’ என்றுதான் கணிக்க இயலும். நானோ ஒரு கீர்த்தனையைக் கேட்டுவிட்டு டிசம்பர் 25 என்றேன்!

எதிர்ப்பக்கத்துத் தவறையும் சொல்லியாக வேண்டும். “ஆறு மாதம் கடந்துவிட்டது, இனி ஒன்றுமில்லை” என்று சில குடும்பங்கள் பயிற்சியை விட்டுவிடுகின்றன. ஜெர்மனியில் 150-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2017-இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு வேறுவிதமாகச் சொல்லுகிறது. அவர்கள் யாவரும் பேச்சிழந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆனவர்கள். வாரத்திற்குப் பத்து மணி நேரமாவது, மூன்று வாரமாவது தீவிரப் பயிற்சி பெற்றபின், அன்றாடப் பேச்சில் முன்னேற்றம் காணப்பட்டது. முழுப் பேச்சும் திரும்பிற்று என்று அதற்குப் பொருளல்ல. கதவு பூட்டப்படவில்லை என்றுதான் பொருள்.

ஆகவே அந்த மகனிடம் நான் சொன்னது இவ்வளவே: “தம்பி, எனக்குத் தெரியாது. பேச்சுப் பயிற்சியாளரிடம் கேளுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடியும் கேளுங்கள். ஜெபிப்போம், தேதி குறிக்க வேண்டாம்.” அவருடைய முகம் வாடியது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கும் எளிதாயில்லை.

அவரைக் காணச் செல்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு நேரத்தில் இருவருக்கு மேல் போகாதீர்கள். தொலைக்காட்சியை நிறுத்துங்கள். சிறிய வாக்கியமாய்க் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். சொல்லை அவர் வாயிலிருந்து பிடுங்கி நீங்களே முடித்துவிடாதீர்கள். பாடுங்கள், தாராளமாய்ப் பாடுங்கள்.

அஞ்சலக ஐயாவைப்பற்றிக் கேட்பீர்கள். அந்த அம்மாவிடம் மறுநாளே சென்று மன்னிப்புக் கேட்டேன். பின்பு சபைக்கு முன்பாகவும் கேட்டேன். ஐயா தொடர்ந்து பயிற்சிக்குச் சென்றார். இரண்டாம் ஆண்டில் சில சொற்கள் வந்தன: காப்பி, கடிதம், போதும், வா. மனைவியின் பெயர் கடைசிவரை வரவில்லை. “வா” என்பார், அந்த அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வருவார்.