பத்தாவது ஆள்

ஜனவரி 14, செவ்வாய்

நான் இங்கே பார்த்துக்கொண்ட தாத்தா விடியும் முன்னே போய்விட்டார். இருட்டுவதற்குள் அடக்கமும் முடிந்துவிட்டது. எருசலேமில் உடலை இரவு தங்க விடமாட்டார்கள். நேரமானால் இரவிலேயே கொண்டுபோய் அடக்கம் செய்கிறார்கள். கிவாத் ஷாவுல் மலைச்சரிவில் பெரிய கல்லறைத் தோட்டம். பெட்டி இல்லை, பூ இல்லை. வெள்ளைத் துணி உடுத்தி, காலை ஜெபத்துக்கு அவர் போர்த்திக்கொள்ளும் சால்வையோடு மண்ணில் இறக்கினார்கள். சால்வையின் ஒரு முனைக் குஞ்சத்தை வெட்டியிருந்தார்கள். இனி ஜெபத்துக்கு உதவாது என்பதற்கு அடையாளமாம். தினமும் அதை அவர் தோளில் சரிசெய்து விட்டது என் கை.

தாத்தாவின் மூத்த மகள், நான் அக்கா என்று கூப்பிடுபவர், சட்டையின் இடது பக்கத்தைக் கிழித்துக்கொண்டார். தாய் தகப்பனுக்கு இடது பக்கம், நெஞ்சுக்கு நேராக. கணவனை இழந்த பாட்டிக்கு வலது பக்கம் கிழித்தார்கள்.

வீடு திரும்பியதும் எதிர்வீட்டு அம்மா அவித்த முட்டையும் பருப்பும் கொண்டு வந்தார். துக்க வீட்டார் முதல் சாப்பாட்டைத் தங்கள் வீட்டிலிருந்து சாப்பிடக் கூடாது. நாகர்கோவிலில் எங்கள் தெருவிலும் அன்றைக்கு அடுப்பு மூட்டமாட்டார்கள்.

நாளை ஊரில் பொங்கல்.

ஜனவரி 15, புதன்

கண்ணாடிகளையெல்லாம் நேற்றே படுக்கை விரிப்பால் மூடிவிட்டோம். என் அறையில் இருப்பதை மூடும்படி யாரும் சொல்லவில்லை. மூடினேன்.

வாசல் கதவைச் சாத்துவதே இல்லை. யார் யாரோ வருகிறார்கள். பாட்டியும் அக்காவும் தாழ்ந்த ஸ்டூல்களில், தோல் செருப்பு இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். வருகிறவர்கள் வணக்கம்கூடச் சொல்வதில்லை. துக்கத்தில் இருப்பவர் வாயைத் திறக்கும்வரை மற்றவர் பேசக் கூடாது. இன்று ஒரு கிழவர் வந்தார். தாத்தாவோடு படித்தவராம். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பாட்டி பேசவில்லை, அவரும் பேசவில்லை. எழுந்தார், சீயோனில் துக்கப்படுகிற எல்லாரோடும் உங்களுக்கும் ஆறுதல் கிடைக்கட்டும் என்ற பொருளில் ஒரு வாக்கியம் சொன்னார், போய்விட்டார்.

யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து பேசாமல் இருந்ததை ஞாயிறு பள்ளியில் படித்திருக்கிறேன். அவர்கள் அப்படியே எழுந்து போயிருந்தால் நல்லது, வாயைத் திறந்ததில்தான் கெட்டது என்பார் எங்கள் போதகர். அந்த ஏழு நாளை இவர்கள் வழக்கமாகவே ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

ஊரில் என் அம்மா இறந்த அன்று போனில் எல்லாரும் கர்த்தருடைய சித்தம் என்றார்கள். நான் தாத்தாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 16, வியாழன்

காலையும் மாலையும் ஜெபம் வீட்டிலேயே நடக்கிறது. இறந்தவருக்காகப் பிள்ளைகள் சொல்வது கதீஷ். பெரும்பாலும் அரமேய மொழி. அதில் சாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்று அக்கா சொன்னார். முழுக்கக் கடவுளுடைய நாமத்துக்குத் துதி. அதைத் தனியாகச் சொல்ல முடியாது. பத்துப் பேர் இருக்க வேண்டும், அவர்கள் ஆமென் சொல்ல வேண்டும். இவர்கள் முறையில் பத்து ஆண்கள்.

தாத்தாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. தாத்தாவின் அண்ணன் மகன், சித்தப்பாவுக்கு நான் சொல்கிறேன், நீ கவலைப்படாதே என்றார். அன்பாகத்தான் சொன்னார். அக்கா அவருக்கு ஹென்ரியெட்டா சோல்டைப் பற்றிச் சொன்னார். தாத்தாவை நாங்கள் மாதாமாதம் கூட்டிப்போன ஐன் கரேம் மருத்துவமனை ஹடாஸா அமைப்பினுடையது. அந்த அமைப்பைத் தொடங்கிய பெண்மணி அவர். 1916இல் அவருடைய தாய் இறந்தபோது நண்பர் ஒருவர் கதீஷ் சொல்ல முன்வந்தாராம். சோல்ட் நன்றியோடு மறுத்து, நானே சொல்கிறேன் என்று கடிதம் எழுதினார். அந்தக் குடும்பத்தில் எட்டுப் பிள்ளைகளும் பெண்கள்.

அண்ணன் மகன் வெகுநேரம் யோசித்தார். பிறகு, சரி, நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றார்.

மாலையில் ஒன்பது பேர்தான் வந்திருந்தார்கள். வெளியே நல்ல மழை. எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அக்கா புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். எதிர்வீட்டுக்காரர் குடையில்லாமலே இறங்கிப் பஸ் நிறுத்தத்துக்கு ஓடி, முன்பின் தெரியாத ஒரு பையனைக் கூட்டிவந்தார். முதுகில் பை, தலையெல்லாம் ஈரம். எதற்கு, யார் செத்தது என்று அவன் கேட்கவில்லை. சுவரோரம் நின்றான். ஆமென் சொன்னான். அக்காவின் குரல் முதல் வரியிலேயே உடைந்தது. பெண் குரல் கேட்டு இரண்டு பேர் முகம் சுளித்தார்கள், ஆனால் நகரவில்லை. நகர்ந்தால் எட்டுப் பேர்.

முடிந்ததும் பையன் அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டான். ஒரு டீ கொடுத்திருக்கலாம்.

என் அம்மாவின் அடக்கத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று என் அண்ணனிடம் நான் கேட்டதே இல்லை.

ஜனவரி 17, வெள்ளி

சூரியன் மறைய நாற்பது நிமிடம் இருக்கும்போது ஊருக்கே கேட்கும்படி ஓய்வுநாள் சைரன் ஊதுகிறது. ஓய்வுநாளில் வெளிப்படையாகத் துக்கம் காக்கக் கூடாது. கிழித்த சட்டையை மாற்ற வேண்டும், செருப்பு போட வேண்டும், மேஜையில் உட்கார வேண்டும். அக்காவுக்குக் கோபம். நாளை இருட்டும்வரை அழாதே என்று யார் எனக்குச் சொல்வது என்றார். பாட்டி பதில் சொல்லாமல் மெழுகுவத்தி ஏற்றிக் கண்களைப் பொத்திக்கொண்டார். பிறகு மகளுக்குச் சூப் ஊற்றினார். அக்கா இரண்டு கிண்ணம் குடித்தார். செவ்வாயிலிருந்து அவர் சரியாகச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

வேலைக்கு அனுப்பிய ஏஜென்சியிலிருந்து போன். என்னை வேலைக்கு வைத்துக்கொள்ளப் பாட்டிக்குத் தனியாக அனுமதி கிடைக்காவிட்டால் நான் வேறு வீடு தேட வேண்டும். நேரில் வரச் சொன்னார்கள். மனசு ஓடவில்லை.

ஜனவரி 20, திங்கள்

ஏழாம் நாள் முழுநாள் இல்லை. காலை ஜெபம் முடிந்து சற்று நேரம் உட்கார்ந்ததும், எழுந்திருங்கள் என்று வந்தவர்கள் சொன்னார்கள். பாட்டியின் கையை நான் பிடித்துக்கொள்ள, எல்லாரும் தெருவை ஒரு சுற்று நடந்தோம். ரொட்டிக்கடைக்காரர் வெளியே வந்து நின்றார். இவ்வளவு சத்தமா இந்தத் தெருவில் என்றார் பாட்டி. ஸ்டூல்களைத் திருப்பி எடுத்துப்போக ஆள் வரவேண்டும். சமையலறையில் அடுக்கி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 29, புதன்

அக்கா டெல் அவிவ் திரும்பவில்லை. தினமும் விடியற்காலையில் தாத்தாவின் ஜெப ஆலயத்துக்குப் போகிறார். இன்று நானும் கூடப் போனேன். பெண்கள் பகுதியில், திரைக்குப் பின்னால், நாங்கள் இருவர் மட்டும். அக்கா சொன்னபோது அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு குரல் ஆமென் என்றது. பிறகு இன்னொன்று.

வரும் வழியில் பேசினார். ஓய்வுநாளில் கார் ஓட்டத் தொடங்கியதிலிருந்து அப்பாவுக்கும் எனக்கும் பேச்சு குறைந்துவிட்டது என்றார். துன்மார்க்கருக்குத்தான் பன்னிரண்டு மாதம் நியாயத்தீர்ப்பு என்பதால் பிள்ளைகள் பதினோரு மாதத்தோடு நிறுத்திவிடுவார்களாம். "டிசம்பர் வரைக்கும் தினமும் எழுந்து, எங்க அப்பா கெட்டவர் இல்லைன்னு சொல்லணும். எனக்கு நம்பிக்கை இருக்கா இல்லையான்னு இந்த நேரத்துல யாரும் கேக்கறதில்ல. அது நல்லாருக்கு."

பிறகு, உன் அம்மாவுக்கு நீ என்ன செய்தாய் என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. ஒரு முறை இருக்கிறது என்றார். சாவுச் செய்தி முப்பது நாள் கழித்து வந்து சேர்ந்தால் ஏழு நாள் காக்க வேண்டாம், ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். எனக்கு அது பொருந்தாது. செய்தி அன்றே வந்தது. நான் யூதப் பெண்ணும் இல்லை.

ஜனவரி 30, வியாழன்

பாட்டி தூங்கியபின் சமையலறையில் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். போனை அணைத்து வைத்திருந்தேன்.

பிப்ரவரி 10, திங்கள்

மரங்களுக்குப் புத்தாண்டு. சாலையோரம் வாதுமை பூத்திருக்கிறது. பாட்டி இரண்டு அத்திப்பழ வற்றல் சாப்பிட்டார், எனக்கும் இரண்டு கொடுத்தார்.

பிப்ரவரி 12, புதன்

முப்பதாம் நாள். கல் வைத்துவிட்டார்கள். பெயர், தகப்பன் பெயர், தேதி, அவ்வளவுதான். எல்லாரும் சிறு கல் பொறுக்கி மேலே வைத்தார்கள். தாத்தாவின் அண்ணன் மகன் ஆட்களை எண்ணினார்; பதின்மூன்று ஆண்கள். அக்காவின் குரல் இப்போது உடைவதில்லை. வேகமாகக்கூடச் சொல்கிறார்.

ஏஜென்சி அடுத்த வாரம் சொல்வதாகச் சொல்லியிருக்கிறது. பாட்டி, எதுவானாலும் பஸ்கா வரைக்கும் இரு என்கிறார். அதை அவர் முடிவுசெய்ய முடியாது.

இரவு என் அண்ணனைக் கூப்பிட்டேன். பணம் தவிர வேறு எதற்கும் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. என்ன, சம்பளம் வரலையா என்றுதான் ஆரம்பித்தான். அம்மாவின் அடக்கத்துக்கு யாரெல்லாம் வந்தார்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். நானும் பேசவில்லை. பிறகு ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தான். பால்காரர், கோயில்பிள்ளை, தையல்கடை அக்கா. அம்மாவின் பெட்டியைத் தூக்க ஆள் குறைந்தபோது டீக்கடையில் நின்ற ஒருவர் வந்து தோள் கொடுத்தாராம். யாரென்று தெரியவில்லை என்றான். கார்டு தீர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூப்பிட வேண்டும்.