அவுட்டிங் பிளானுக்கு ஓகே சொல்வது காவிரிதான்!

ஐப்பசி மாத சனிக்கிழமை இரவு. பெங்களூரு குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ‘நாளைக்கு ஒகேனக்கல்!’ என்று மெசேஜ் விழும். யார் கார், யார் புளியோதரை என்ற விவாதம் நள்ளிரவு வரை ஓடும். ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டியவர்கள் எட்டு மணிக்குத்தான் பல் துலக்குவார்கள். வந்து சேர்ந்தால், ‘நீர்வரத்து அதிகம், குளிக்கவும் பரிசலுக்கும் தடை’ என்ற அறிவிப்பு வரவேற்கும். எண்ணெய் மசாஜுக்கு ஆசைப்பட்ட அப்பாக்கள் மீன் வறுவலோடு சமாதானமாவார்கள்.

விவரம் தெரிந்தவர்கள் வண்டியை ஏரியூர் பக்கம் திருப்புவார்கள். நாகமரையில் காவிரி கடல்போல விரிந்து கிடக்கும். 1934-ல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம் இது. அக்கரை, சேலம் மாவட்டத்தின் பண்ணவாடி. தண்ணீர் வெகுவாக இறங்கினால், அங்கே மூழ்கிய கோயிலின் நந்தி தலைகாட்டும். நகரத்தாருக்கு இது செல்ஃபி பாயின்ட். ஊர்க்காரர்களுக்கு அக்கரைக்குப் போகும் வழி.

தடை என்றால் டூரிஸ்ட்டுக்கு ஒருநாள் ஏமாற்றம். பரிசல் ஓட்டுபவருக்கும் மசாஜ் செய்பவருக்கும் அன்றைய கூலியே போச்சு. அதனால் நீர்வரத்துச் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தடையில் மாட்டிக்கொண்டால், சமைத்துத் தரும் அக்காவிடம் பேரம் பேசாமல் மீன் சாப்பிட்டுத் திரும்புங்கள்!