வாசலில் நிற்கும் தூது

திருப்பத்தூரில் எங்கள் வீட்டு அடுக்களையில், அரிசிப் பானைக்குப் பின்னால், ஓர் எவர்சில்வர் டப்பா இருந்தது. அதனுள் அம்மா ஒளித்துவைத்திருந்தது, பிள்ளையார்பட்டிக்குப் போய்வந்தவர்கள் கொடுத்த இரண்டு கொழுக்கட்டைகள். அதைக் கண்டுபிடித்த நாளில், அக்காளும் தம்பியுமாகிய நாங்கள் இருவரும் அம்மாவைக் குற்றவாளிபோல் நிறுத்திக் கேள்வி கேட்டோம். "வாயைக் கட்ட முடியாதவருக்கு மருந்து எதற்கு?" என்றுகூடக் கேட்டுவிட்டோம். அம்மா மறுமொழி சொல்லவில்லை. டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவைத்தார்.

ஆண்டுகள் பல கடந்தன. எங்களில் இளையவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர், ஒல்லியான தேகம், காப்பிக்குக்கூடச் சர்க்கரை சேர்க்காதவர். சென்ற ஆடியில் அவருக்கு இரத்தப் பரிசோதனை செய்தபோது மூன்று மாதச் சராசரி 6.2 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை நீரிழிவின் வாசற்படி. "இன்சுலின் இல்லாமல் இல்லை, உடல் அதற்குச் செவிசாய்க்கவில்லை" என்றார் மருத்துவர். வீட்டில் அம்மா கேட்டது ஒரே கேள்வி: "எனக்குத்தான் வாய் அடங்கல. ஒனக்கு என்னப்பா வந்துச்சு?"

அதில் ஏளனம் இல்லை. இல்லாததாலேயே அது எங்களைத் தைத்தது.

பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் அக்காளும், தூது இலக்கியம் நடத்தும் தம்பியுமாக அமர்ந்து படிக்கத் தொடங்கினோம். அன்னத்தையும் கிளியையும் நெஞ்சையும் தூதுவிட்ட மரபு நமது. இன்சுலினும் ஒரு தூதுதான். ஆனால் செய்தியைச் சொல்ல அது செல்லுக்குள் நுழைய வேண்டியதில்லை. முகப்பிலேயே நின்று சொல்கிறது. அதை உள்ளே கொண்டுசெல்வது யார்? வீட்டின் சுவரே கொண்டுசெல்கிறது என்பதுதான் எங்களை வியக்கவைத்தது.

செல்லின் சுவர் பெரும்பாலும் பாஸ்போலிப்பிட் என்னும் பாஸ்பரஸ் கலந்த கொழுப்பால் ஆனது. இன்சுலின் வந்து தொட்டதும், உள்ளிருக்கும் நொதி ஒன்று, சுவரில் பதிந்துள்ள இனோசிட்டால் வகைப் பாஸ்போலிப்பிட்டின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஏற்றிவைக்கிறது. விளக்கேற்றி அடையாளம் காட்டுவது போன்றது அது. அதைக் கண்டு ஏ.கே.டி. என்னும் புரதம் வந்து ஒட்டிக்கொள்கிறது. அதன் ஏவலால் தசையிலும் கொழுப்புத் திசுவிலும் சர்க்கரையை ஏற்கும் வாயில்கள் மேற்பரப்புக்கு வருகின்றன.

விளக்கு எரியாதபோது என்ன ஆகிறது? பாஸ்போலிப்பிட்டுகள் உருவாகும் வழியில் டைஅசைல்கிளிசரால் என்றொரு இடைப்பொருள் தோன்றுகிறது. தசையிலும் கல்லீரலிலும் அது அளவுக்கு மீறித் தேங்கினால் வேறொரு நொதி தூண்டப்பட்டு, இன்சுலினின் ஏற்பியை மந்தப்படுத்துகிறது என்பது ஏல் பல்கலைக்கழகத்தின் ஜெரால்டு ஷுல்மன் குழுவினர் தரும் விளக்கம். கணையமோ மேலும் மேலும் தூது விடுகிறது; ஒருநாள் களைத்துப்போகிறது.

அப்படியானால் இந்தக் கொழுப்புதான் குற்றவாளியா? 2010-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர் ஒரு விந்தையைக் கண்டனர். பாஸ்பாட்டிடைல்கோலின் என்னும் பாஸ்போலிப்பிட்டைக் கல்லீரலில் ஆக்கும் நொதிகளுள் ஒன்று இல்லாத எலிகள், கொழுப்புணவு தின்றும் பருக்கவில்லை. இன்சுலினை எதிர்க்கவும் இல்லை. ஆனால் அவற்றின் கல்லீரலில் கொழுப்பு நிறைந்துபோயிற்று. ஒன்றைத் தண்டித்து மற்றொன்றைக் காக்க முடியாது. வேண்டுவது அளவும் விகிதமும்.

நம் நாட்டு உடலின் கதையை 2004-இல் 'லான்செட்' இதழில் ஒரு சிறு படம் சொல்லிற்று. புனேயின் மருத்துவர் யாஜ்னிக், இலண்டனின் யுட்கின் இருவருக்கும் உடல் நிறை எண் 22.3. கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. மெலிந்த தோற்றம் எதற்கும் சான்றில்லை. அதே புனே ஆய்வாளர்கள் 2008-இல், கருவுற்ற காலத்தில் பி12 குறைந்தும் ஃபோலேட் மிகுந்தும் இருந்த தாய்மார்களின் ஆறு வயதுப் பிள்ளைகளிடம் இன்சுலின் எதிர்ப்பு மிகுதி என்று எழுதினர். பிள்ளை கொழுக்கட்டையைக் கண்ணால் காணுமுன்பே கணக்கு தொடங்கிவிடுகிறது.

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி நாட்டில் நீரிழிவாளர் 10.1 கோடிப் பேர். இத்தனை பேரும் வாயடங்காதவர்களா? தமிழில் 'கொழுப்பு' என்றால் திமிர் என்றும் பொருள். நோயாளியைப் பார்க்கும்போது அந்த இரண்டாம் பொருளே நம் நாவில் முந்திக்கொள்கிறது.

விதி என்று கைகட்டி இருக்கவும் வேண்டியதில்லை. சென்னையில் இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், வாசற்படியில் நின்றவர்களுள் 55 விழுக்காட்டினர் மூன்றாண்டுகளுக்குள் நீரிழிவாளர் ஆயினர். நடையும் உணவும் சீர்செய்தவர்களிடம் அது 39.3 ஆகக் குறைந்தது. அந்த வேறுபாட்டுக்காகவே நாங்களும் அம்மாவும் இப்போது மாலையில் திருத்தளிநாதர் கோயில் வரை நடக்கிறோம்.

அன்று கேட்டதற்கு வருந்துகிறோம் என்று அம்மாவிடம் சொல்ல நா எழவில்லை. டப்பாவை மட்டும் அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து எடுத்து முன்வரிசையில் வைத்தோம். கொழுக்கட்டை வந்தால் ஆளுக்கொரு விள்ளல். சென்ற வாரம் அம்மா தம் பங்கிலிருந்து பாதியைப் பிட்டு எங்கள் பக்கம் நகர்த்தினார்.

"போதும்ப்பா" என்றார்.