ஓடாத முள்

என் கையில் இருந்த கடிகாரத்தில் மூன்று குட்டி வட்டங்கள், பக்கவாட்டில் இரண்டு பட்டன்கள், விளிம்பைச் சுற்றிப் பொடிப்பொடியாய் எண்கள். பார்க்கிறவர்கள் நான் ஏதோ கார் ரேஸை முடித்துவிட்டு நேராக ஆபீஸ் வருவதாக நினைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. உண்மையில் நான் சைதாப்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவன். கடிகாரம் பிளாட்பாரத்தில் பேரம் பேசி 600 ரூபாய்க்கு வாங்கியது. டயலில் இருந்த பெயர் மட்டும் ஸ்விட்சர்லாந்து!

இரண்டு வருஷம் யாரும் கண்டுபிடிக்கவில்லை. கடைசியில் கண்டுபிடித்தது, ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் பெண்.

"அப்பா, ஸ்போர்ட்ஸ் டேக்கு நான் ரிலேல ஓடறேன். உன் வாட்ச்சுல டைம் எடுப்பா!"

பட்டனை அழுத்தினேன். அது உள்ளேயே போகவில்லை. குட்டி வட்டங்களில் இருந்தவை முட்களே இல்லை, பெயின்ட்!

"பேட்டரி தீந்துபோச்சும்மா" என்றேன்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். நடுவில் இருந்த நீள முள் டிக் டிக்கென்று ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் ஷூ லேஸைக் கட்டப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் நண்பரிடம் போனேன். மனிதர் வாட்ச் பைத்தியம். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் சிரித்தார்.

"நிஜமான குரோனோகிராஃப்ல நடுவுல இருக்கற நீட்டு செகண்டு முள் பெரும்பாலும் பன்னெண்டுலயே சும்மா நிக்கும் சார். மேல் பட்டனை அமுக்கினா ஓடும், மறுபடி அமுக்கினா நிக்கும், கீழ் பட்டனை அமுக்கினா பழையபடி பன்னெண்டுக்கு வந்துடும். வழக்கமா ஓடற செகண்டு ஒரு குட்டி வட்டத்துல தனியா ஓடும். உங்களோடது நாள் பூரா நடுவுல ஓடிட்டிருக்கு. பத்தடி தூரத்துலேயே தெரியும்."

"அப்ப ரெண்டு வருஷமாத் தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கலையே!"

அன்றைக்கு முடிவு செய்தேன். வாங்கினால் நிஜம்.

அடுத்த ஒரு மாதம் லஞ்ச் நேரத்தில் பாடம் நடந்தது. குரோனோகிராஃப் வேறு, குரோனோமீட்டர் வேறு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். முதலாவது, ஸ்டாப் வாட்ச் வைத்த கடிகாரம். இரண்டாவது, சோதனையில் பாஸாகிச் சான்றிதழ் வாங்கிய கடிகாரம். மெக்கானிக்கல் கடிகாரமானால் ஒரு நாளைக்கு 4 நொடிக்கு மேல் பின்தங்கக் கூடாது, 6 நொடிக்கு மேல் முந்தக் கூடாது. எங்கள் ஆபீஸில் அந்தப் பரீட்சை வைத்தால் ஒருத்தர் தேறமாட்டோம்.

விளிம்பில் இருக்கும் பொடி எண்களுக்கு டாக்கிமீட்டர் என்று பெயர். ஒரு கிலோமீட்டர் ஓட எத்தனை நொடி ஆகிறதோ, அதைக் கொண்டு 3600-ஐ வகுத்தால் வேகம் வரும். 30 நொடி என்றால் மணிக்கு 120 கி.மீ. கடிகாரமே கணக்குப் போட்டு எழுதி வைத்திருக்கிறது. ஆனால் பெரும்பாலும் அந்தக் கணக்கு 60-லேயே முடிந்துவிடும். ஒரு கிலோமீட்டரை ஒரு நிமிஷத்துக்குள் கடக்காதவனை டாக்கிமீட்டர் மனுஷனாகவே மதிப்பதில்லை. சென்னையில் அது யாரையும் மதிக்க வாய்ப்பில்லை!

எனக்கு ஆசை என்னவோ ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் மேல்தான். 1957-ல் வந்தது. 1965-ல் நாஸா சோதித்து விண்வெளிக்குத் தகுதி என்றது. 1970-ல் அப்போலோ 13 வழியில் பழுதாகித் திரும்பியபோது, பாதையைத் திருத்த எஞ்சினை 14 நொடி இயக்க வேண்டியிருந்தது. அந்த 14 நொடியை அளந்தது ஒரு விண்வெளி வீரரின் கைக்கடிகாரம். கேட்கும்போதே புல்லரித்தது. விலையைக் கேட்டதும் அதுவும் அடங்கிவிட்டது. என் ஸ்கூட்டரை விற்றால் அதன் ஸ்ட்ராப் வரும்.

நண்பர் தன்னிடமிருந்த ஆட்டோமேடிக் குரோனோகிராஃபை ஒரு நாள் என் கையில் கட்டிவிட்டார். உள்ளே வால்ஷு 7750 எஞ்சின். 1970-களில் பிறந்து இன்றும் ஓடுகிற பரம்பரை. கையை ஆட்டினால் உள்ளே இருக்கும் எடை விசுக்கென்று சுழல்வது மணிக்கட்டில் தெரிகிறது. அழகுதான். ஆனால் எஞ்சின் மட்டுமே கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர் தடிமன். முழுக்கைச் சட்டை பட்டனைப் போட முடியவில்லை. பஸ் கம்பியில் இரண்டு தடவை இடித்தது. நாலைந்து வருஷத்துக்கொரு தடவை பிரித்துச் சர்வீஸ் செய்ய வேண்டும், அந்தச் செலவும் கொஞ்சநஞ்சமில்லை. தினமும் கட்டுகிறவனுக்கு இது யானை வளர்ப்பு!

ஆகவே குவார்ட்ஸ் என்று தீர்மானமானது. உள்ளே ஒரு குட்டிப் படிகம் நொடிக்கு 32,768 தடவை அதிரும். துல்லியத்தில் ஆட்டோமேடிக் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. சில வருஷத்துக்கொரு தடவை பேட்டரி மாற்றினால் போதும்.

மற்றதெல்லாம் நண்பர் சொன்ன பட்டியல். நம் ஊர் வியர்வைக்குத் தோல் பட்டை ஊறி நாறும், ஸ்டீல் செயின் எடு. கண்ணாடி சஃபையராக இருந்தால் சாவிக்கொத்து கீறாது. 30 மீட்டர் என்று போட்டிருந்தால் 30 மீட்டர் ஆழம் குதிக்கலாம் என்று அர்த்தமில்லை, கை கழுவலாம், அவ்வளவுதான். 100 மீட்டர் இருந்தால் மழைக்குப் பயமில்லை. ஆனாலும் தண்ணீருக்குள் பட்டனை அழுத்தாதே. 'ஸ்விஸ் மேட்' என்பதும் சும்மா அச்சடிப்பதல்ல. 2017 முதல், தயாரிப்புச் செலவில் குறைந்தது 60 சதவிகிதம் ஸ்விட்சர்லாந்தில் ஆகியிருந்தால்தான் அதைப் போட முடியும்.

பணம்? இரண்டு வருஷ ஆர்.டி. முதிர்ந்திருந்தது. மனைவியிடம் மெதுவாக ஆரம்பித்தேன்.

"போன்லயே ஸ்டாப் வாட்ச் இருக்கே. பி.டி. மாஸ்டர் கழுத்துல தொங்கறது ஐந்நூறு ரூபா இருக்குமா?"

பதில் இல்லை. வேறு வழியில்லாமல் பேட்டரிக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் அரிசி களைந்தாள்.

"வாங்கிக்குங்க. ஆனா முதல்ல குழந்தைகிட்ட உண்மையைச் சொல்லிட்டு வாங்குங்க."

விலையைவிட அதுதான் பெரிய தொகையாக இருந்தது. மூன்று நாள் தள்ளிப்போட்டேன். நாலாம் நாள் ராத்திரி, அவள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"அன்னிக்கு பேட்டரி தீரலம்மா. அது டூப்ளிகேட் வாட்ச்சு. அப்பா பொய் சொன்னேன்."

"தெரியும்ப்பா. முள்ளு ஓடிட்டுதானே இருந்துது" என்றாள், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே. பிறகு, "நீயா சொல்வேன்னு பாத்தேன்."

வாங்கியது டிஸ்ஸோ. கறுப்பு டயல், ஸ்டீல் செயின், மெல்லியது. டயலில் '1853' என்று கம்பெனி ஆரம்பித்த வருஷம் போட்டிருக்கும். எங்கள் டெஸ்பாட்ச் பையன், "என்ன சார், ரேட்டை அழிக்காம கட்டிட்டு வந்துட்டீங்க?" என்றான். அடுத்து வந்த சூப்பரின்டென்டென்ட் உற்றுப் பார்த்துவிட்டு அனுதாபத்தோடு, "செகண்டு முள் நின்னுபோச்சே, பேட்டரி பாருங்க. பழசு ஜோரா ஓடிட்டிருந்ததே!" என்றார்.

போலி இரண்டு வருஷம் ஓடியது. நிஜத்துக்கு முதல் நாளே சந்தேகம்! விளக்கலாமா என்று நினைத்தேன். அக்கவுண்ட்ஸ் நண்பர் தூரத்திலிருந்து கண்ணடித்தார். விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மைதானம். நூறு மீட்டர் கோட்டின் கடைசியில் நான், ஆரம்பத்தில் அவள். கைக்குட்டையை வீசிக்கொண்டே பட்டனை அழுத்தினேன். நின்றிருந்த முள் கிளம்பியது. அவளும் கிளம்பினாள். கோட்டைத் தாண்டியதும் மறுபடி அழுத்தினேன்.

18 நொடி.

முள்ளின் நேரே விளிம்பில் 200 என்றிருந்தது. ஒரு கிலோமீட்டருக்கான கணக்கு அது. ஓடியது அதில் பத்தில் ஒரு பங்கு, எனவே மணிக்கு 20 கிலோமீட்டர்.

மூச்சிரைக்க வந்து என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "இருபதா? உன் ஸ்கூட்டர் எவ்வளவுப்பா போகும்?"

காலை ஒன்பது மணிக்கு, சைதாப்பேட்டையிலிருந்து கிண்டி வரைக்குமா? யோசித்தேன். இனிமேல் இவளிடம் பொய் சொல்வதாக இல்லை.

"நீதாம்மா ஜெயிப்பே" என்றேன்.