புகை வரும் நேரம்

பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியோரக் கராஜ் அது. வாசலில் 110 கொரோலா ஒன்று நின்றது. எஞ்சின் செய்து சில மாதங்கள்தானாம். ஆனால் ஒயில் குடிக்கிறது, நீலப் புகை தள்ளுகிறது. வேறோரிடத்தில் காட்டியபோது, ரிங்ஸ் போய்விட்டது, மறுபடி இறக்கவேண்டும் என்றார்களாம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அதுவரை பழைய எஞ்சினைச் செய்து ஓட்டுவதுதான் பலருக்கும் வழி. புகைப் பரிசோதனையில் தேறாவிட்டால் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரமும் கிடைக்காது.

கராஜ் பாஸ் புகையின் நிறத்தைப் பற்றிப் பேசவில்லை. நீலம் என்றால் ஒயில் எரிகிறது, அது எல்லோருக்கும் தெரியும். "எப்ப புகைக்குது, தம்பி?" என்றுதான் கேட்டார். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் கொஞ்சம், பிறகு இல்லை என்றார் கார்க்காரர்.

இதைச் சோதிக்க இறக்கத்தில் ஓட்டிப் பார்ப்பது வழக்கம், ஆனால் இந்தக் கரையில் இறக்கமே கிடையாது. ஆகவே பாஸ் நுரைச்சோலைப் பக்கம் நேர் வீதியில் வேகமெடுத்து, கியரிலேயே காலை எடுத்துவிட்டு, வேகம் குறைந்ததும் மறுபடி மிதித்தார். என்னைக் கண்ணாடியில் பார்க்கச் சொன்னார். மிதித்த கணத்தில் நீலமாக ஒரு வீச்சு. அதன்பின் முழு இழுவையிலும் சுத்தம். காலை எடுத்திருக்கும்போது எஞ்சின் காற்றுக்காக உறிஞ்சும். வால்வ் சீல் கெட்டிருந்தால் தண்டு வழியே ஒயில் இறங்கிவிடும். ரிங்ஸ் போயிருந்தால் இழுவையில்தான் அதிகம் புகைக்கும்.

திரும்பி வந்து பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்கினார், அடைப்பில்லை. நாலு சிலிண்டரிலும் கொம்ப்ரஷன் ஏறத்தாழ ஒன்றுதான். பிளக் துளையால் ஒரு கரண்டி ஒயில் விட்டு அளந்தபோதும் ஏறவில்லை. ரிங்ஸ் கசிந்திருந்தால் அந்த ஒயில் இடைவெளியை அடைத்து அளவைத் தூக்கியிருக்கும்.

ஹெட்டை இறக்காமலே சீல் மாற்றினார். கேம்களைக் கழற்றி, பிஸ்டனைக் கீழே இறக்கி, பிளக் துளையால் மெல்லிய நைலோன் கயிற்றைத் திணித்தார். மீன்பிடிக்காரர் பாவிக்கும் கயிறுதான். ஒரு நுனியை மட்டும் வெளியே விட்டார். கிரேங்கைக் கையால் சுற்ற, கயிறு மேலே நெருங்கி வால்வுகளைத் தாங்கிக்கொண்டது. இனி ஸ்பிரிங்கை எடுத்தாலும் வால்வ் உள்ளே விழாது. தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், கைட் தேயவில்லை. உருவிய சீலை என் உள்ளங்கையில் வைத்தார். ரப்பரில் நகம் பதியவில்லை, விளிம்பில் வெடிப்பு. பிஸ்டன், ரிங்ஸ், பெயாரிங் எல்லாம் புதிதாகப் போட்டவர்கள் பழைய சீலையே திரும்ப மாட்டியிருக்கிறார்கள். இதற்காகவா முழு எஞ்சினையும் இறக்கச் சொன்னார்கள் என்று எனக்குக் கோபமே வந்தது.

அடுத்து நின்ற டொல்பின் வேன் அப்படித் தப்பவில்லை. அதுவும் செய்த எஞ்சின்தான். ஓடும்போதே ஒயில் மூடியைத் திறந்தார். விட்டுவிட்டுப் புகை பீறியது. ரிங்ஸ்தான். எயார் ஃபில்டர் பெட்டியின் ஓரம் வெடித்திருந்தது; உள்ளே விரலை ஓட்டினேன், நறநறவென்று மணல். மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேல் காற்று கற்பிட்டி மணலை அள்ளி வீசும். அது உள்ளே போனால் எந்த ரிங்ஸும் தாங்காது.

"பெட்டிய மாத்தாம எஞ்சினத் தொடமாட்டன்" என்று வேன்காரரிடம் சொல்லிவிட்டார்.